இரு கப்பல்களும் ஒரு நகரமும்

கப்பல்களின் வரலாற்றை எழுதுவது எளிது. ஒரு கப்பல் எந்தப் பட்டறையில் எந்த ஆண்டிற் கட்டப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, எப்பெயர் நீங்கி எப்பெயர் பெற்றது, எக்கடலில் எந்நாளில் அழிந்தது என்பனவெல்லாம் காப்புறுதிக் கம்பனிகளின் ஏடுகளிலும் அரசாங்கப் பதிவேடுகளிலும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கும். கப்பல் ஒரு சொத்து. சொத்தின் பிறப்பையும் கைமாற்றத்தையும் இறப்பையும் கவனமாகப் பதிந்து வைப்பது சொத்துடைமைச் சமுதாயத்தின் இயல்பு. ஆனால் அக்கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவனின் வரலாற்றையோ, அது வந்து தங்கிய துறைமுகத்தின் ஓரத்தில் வீடு கட்டி வாழ்ந்தவளின் வரலாற்றையோ அவ்வாறு ஏட்டைப் புரட்டிப் படித்துவிட முடியாது. அதனைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இவ்விருவகை வரலாறுகளும் ஒரே இடத்தில், ஒரே காலைப்பொழுதில் வந்து முட்டிக்கொண்ட நிகழ்ச்சியொன்று உண்டு. 1917 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 6 ஆந் திகதி, கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹலிபக்ஸ் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மோதின. மோதி இருபது நிமிடங்கள் கழியுமுன் நகரத்தின் வடபகுதி இல்லாதொழிந்தது. துறைமுக விபத்துக்களின் வரலாற்றில் இதனை விடக் கொடியது வேறெதுவும் இல்லை எனலாம். ஆயினும் இதனை விபத்து என்ற ஒரு சொல்லால் சொல்லி முடித்துவிடலாமா என்பதே நாம் இங்கு ஆராய வேண்டிய வினா.

துறைமுகமும் யுத்தமும்

ஹலிபக்ஸ் 1749 இல் ஆங்கிலேயரால் நிறுவப்பட்ட நகரம். அதன் துறைமுகம் ஆழமானது. மாரியிலும் பனிக்கட்டியால் அடைபடாதது. கடலிலிருந்து உள்ளே செல்லச் செல்ல அத்துறைமுகம் ஒடுங்கி ஒரு நீரிணையாகிறது. அதனைக் கடந்தால் பெட்போட் குடா என்னும் விரிந்த நீர்ப்பரப்பு. குடத்தின் கழுத்தைப் போன்ற அந்த நீரிணையின் மேற்குக் கரையில் ரிச்மண்ட் என்னும் பகுதி இருந்தது. கிழக்குக் கரையில் டாட்மத் நகரம்.

ரிச்மண்ட் தொழிலாளரின் குடியிருப்பு. புகையிரதப் பாதையும் சரக்கு மேடைகளும் சீனி ஆலையும் பருத்தி ஆலையும் வார்ப்படச் சாலையும் கரையோரத்தில் நெருங்கி நிற்க, அவற்றுக்கு மேலே மலைச்சரிவில் வரிசை வரிசையாக மரவீடுகள் எழுந்திருந்தன. வீட்டு யன்னலில் நின்று பார்த்தால் துறைமுகத்திற் போகும் கப்பல்கள் எல்லாம் தெரியும். நகரத்தின் செல்வர்கள் தெற்கே, ஆலைப்புகை எட்டாத தொலைவில் வாழ்ந்தனர். ஆலைக்கு அண்மையில் ஆலைத் தொழிலாளி வாழ்வதும் ஆலையின் உடைமையாளன் சேய்மையில் வாழ்வதும் இயற்கையின் நியதியன்று. ஆனால் அன்று காலை யார் மாள்வது, யார் பிழைப்பது என்பதனைப் பெரிதும் தீர்மானித்தது இந்த ஏற்பாடே.

முதலாவது உலக யுத்தம் இத்துறைமுகத்தை முற்றாக மாற்றியது. ஐரோப்பியப் போர்க்களங்களுக்குப் படைவீரரும் குதிரைகளும் தானியமும் வெடிமருந்தும் இவ்வழியாகச் சென்றன. ஜேர்மானிய நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி, சரக்குக் கப்பல்களைத் தொகுதி தொகுதியாகக் காவலுடன் அனுப்பும் முறை 1917 இல் ஏற்பட்டபோது, அவை ஒன்றுகூடும் இடமாகப் பெட்போட் குடா தெரிந்தெடுக்கப்பட்டது. துறைமுக வாயிலில் நீர்மூழ்கிகளைத் தடுக்கும் இரும்பு வலைகள் இடப்பட்டன. மாலையானதும் வாயில் அடைபடும். யுத்தத்துக்கு முன்னர் வெடிபொருள் ஏற்றிய கப்பல்கள் உள் துறைமுகத்துக்குள் விடப்படுவதில்லை. யுத்தம் வந்ததும் அந்தத் தடை நெகிழ்ந்தது. வெளியே நிற்கும் கப்பலுக்கு நீர்மூழ்கியால் ஆபத்து என்று கருதிய கடற்படை அதனை உள்ளே வரச்செய்தது. உள்ளே வரும் கப்பலால் நகரத்துக்கு என்ன ஆபத்து என்பதனை நகரத்தாரிடம் எவரும் சொல்லவில்லை.

மோதிய கப்பல்கள்

மோதிய கப்பல்களுள் ஒன்று இமோ. 1889 இல் பெல்பாஸ்ற் நகரின் பெயர்பெற்ற கப்பற் பட்டறையில், ஹார்லண்ட் அன்ட் வுல்ப் கம்பனியாரால் கட்டப்பட்டபோது அதன் பெயர் றுணிக். அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஆடுமாடுகளை ஏற்றிச் செல்வதற்காகவே அது அமைக்கப்பட்டது. 1895 இல் விற்கப்பட்டு தம்பிக்கன் எனப் பெயர் மாறியது. 1912 இல் நோர்வே நாட்டுத் திமிங்கில வேட்டைக் கம்பனியொன்றின் உடைமையாகி இமோ ஆயிற்று. யுத்தகாலத்தில், ஜேர்மனியின் பிடியிலிருந்த பெல்ஜிய நாட்டு மக்களுக்கு உணவு கொண்டுசெல்லும் பணிக்கு அது அமர்த்தப்பட்டிருந்தது. உணவேற்றுவதற்காக வெறுங்கப்பலாக நியூயோர்க் நோக்கிப் போகும் வழியில் சோதனைக்காகப் பெட்போட் குடாவில் நின்றது.

மற்றையது மொன் பிளாங். 1899 இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவிற் கட்டப்பட்ட பழைய சரக்குக் கப்பல். 1915 இல் பிரெஞ்சுக் கம்பனியொன்றின் கைக்கு வந்தது. நியூயோர்க்கில் அதன் வயிற்றினுள் ஏற்றப்பட்டவை ஏறத்தாழ 2,300 தொன் பிக்கிரிக் அமிலமும் 200 தொன்னுக்கு மேற்பட்ட ரி.என்.ரி. என்னும் வெடிமருந்தும் வெடிப்பஞ்சும். இவை போதாவென்று மேற்றளத்தில் பென்சோல் என்னும் எளிதிற் பற்றும் எண்ணெய் நிறைந்த பீப்பாய்கள் அடுக்கப்பட்டன. சாதாரண நாட்களில் இத்தகைய சரக்கை இத்தகைய கப்பலில் எவரும் ஏற்றத் துணியார். ஆனால் பிரான்சின் பீரங்கிகளுக்கு மருந்து வேண்டியிருந்தது. நல்ல கப்பல்களைக் கடல் விழுங்கிக்கொண்டிருந்தது. நியூயோர்க்கிலிருந்து புறப்படும் கப்பற்றொகுதியுடன் செல்வதற்கு இதன் வேகம் போதாது என்று கூறி இதனை ஹலிபக்ஸுக்கு அனுப்பினர். ஆபத்தை அறிவிக்கும் செங்கொடி அதிற் பறக்கவில்லை. பறந்தால் எதிரிக்குக் குறி காட்டுவதாகும் என்பது போர்க்கால நியாயம்.

டிசெம்பர் 5 ஆந் திகதி மாலை இமோ புறப்பட்டிருக்க வேண்டும். அதற்குரிய நிலக்கரி பிந்தி வந்தது. அதற்குள் வாயில் அடைபட்டது. அதே மாலையில் மொன் பிளாங் வாயிலுக்கு வந்து சேர்ந்தது, அதற்கும் பிந்திவிட்டது. உள்ளே நின்ற கப்பல் வெளியேறவும் வெளியே நின்ற கப்பல் உள்நுழையவும் விடியலைக் காத்திருந்தன.

இருபது நிமிடங்கள்

மறுநாட் காலை வானம் தெளிவாயிருந்தது. துறைமுக விதிப்படி கப்பல்கள் தத்தம் வலப்பக்கக் கரையை ஒட்டிச் செல்ல வேண்டும். நாளொன்று வீணான இமோ விரைந்து வந்தது. எதிரே தவறான பக்கத்தில் வந்த அமெரிக்கக் கப்பலொன்றுக்கு வழிவிட்டதால் தன் பக்கத்திலிருந்து விலகியது. பின்னர் நடு நீரில் வந்த ஸ்ரெல்லா மாரிஸ் என்னும் இழுவைக் கப்பலுக்கு இடங்கொடுத்து மேலும் விலகியது. இவ்வாறு அது டாட்மத் பக்கமாகச் சென்றபோது, அப்பக்கமாகத் தனக்குரிய வழியில் மெல்ல வந்துகொண்டிருந்தது மொன் பிளாங். இரண்டும் சங்கு ஊதின. ஒன்றன் குறிப்பை மற்றது ஏற்கவில்லை. இறுதிக் கணத்தில் மொன் பிளாங் இடப்பக்கம் திரும்பியது. இமோ தன் இயந்திரங்களைப் பின்னோக்கி இயக்கியது. வெறுங்கப்பலான அதன் அணியம் வலப்பக்கமாகச் சுழன்று மொன் பிளாங்கின் வலப் பக்கத்தைப் பிளந்தது. நேரம் காலை 8.45 மணியளவு.

மோதல் கடுமையானதன்று. ஆனால் தளத்திலிருந்த பீப்பாய்கள் உடைந்து பென்சோல் வழிந்தது. இரும்போடு இரும்பு உராய்ந்த பொறியில் அது பற்றிக்கொண்டது. தங்கள் கப்பலில் இருப்பது என்னவென்று அறிந்த மாலுமிகள் படகுகளில் இறங்கி டாட்மத் கரைக்கு விரைந்தனர். அவர்கள் பிரெஞ்சு மொழியிற் கூவிய எச்சரிக்கை ஆங்கிலம் பேசும் துறைமுகத்தில் எவர் காதிலும் ஏறவில்லை. ஆளில்லாத கப்பல் எரிந்தபடியே மிதந்து சென்று, ரிச்மண்ட் கரையில் ஆறாம் இலக்க இறங்குதுறையில் ஒட்டிக்கொண்டது.

வானளாவ எழுந்த புகையும் இடையிடையே வெடித்துச் சிதறிய சுடர்களும் வேடிக்கை பார்ப்போரைக் கவர்ந்தன. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர் வழியில் நின்றனர். தொழிலாளர் ஆலை வாயிலில் நின்றனர். தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு யன்னலருகே நின்றனர். தீயணைப்புப் படையினர் வந்தனர். ஸ்ரெல்லா மாரிஸ் தான் இழுத்துச் சென்ற தெப்பங்களை விட்டுத் திரும்பி வந்து தீயில் நீர் பாய்ச்சியது. எரியும் கப்பலை அகற்றுவதற்காகப் போர்க்கப்பல்களிலிருந்து கடற்படைப் படகுகள் வந்தன. உதவிக்கு வந்தவருட் பெரும்பாலோர் தாம் எதனை அணைக்க முயல்கின்றனர் என்பதை அறியார்.

அறிந்தவருள் ஒருவர் வின்சன்ட் கோல்மன் என்னும் புகையிரதத் தந்தி ஊழியர். கப்பலில் உள்ளது வெடிமருந்து எனக் கேள்வியுற்று அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டவர், பயணிகளுடன் புகையிரதம் ஒன்று வந்துகொண்டிருப்பதை நினைத்து மீண்டும் தந்தி மேசைக்குத் திரும்பினார். வண்டிகளை நிறுத்துமாறு செய்தி அனுப்பி, அதுவே தம் கடைசிச் செய்தியாகலாம் என்றும் குறிப்பிட்டு விடைபெற்றார். அவர் பிழைக்கவில்லை. அச்செய்தி வழிநெடுக இருந்த நிலையங்களில் ஒலித்து, உதவி வண்டிகள் விரைவிற் புறப்படுவதற்கும் காரணமாயிற்று. கடற்படை செய்யத் தவறிய எச்சரிக்கையை மாதச் சம்பளம் பெறும் ஒரு தொழிலாளி செய்தார்.

9 மணி 4 நிமிடம் 35 வினாடிக்கு மொன் பிளாங் வெடித்தது.

எஞ்சியவை

சுமார் 160 ஹெக்டேயர் நிலப்பரப்பு முற்றாக அழிந்தது. வெடிப்பினால் எழுந்த பேரலை கரையேறி மக்களை வாரிச் சென்றது. கவிழ்ந்த அடுப்புகளிலிருந்து பரவிய தீ, இடிபாட்டினுட் சிக்கி உயிரோடிருந்தவரையும் எரித்தது. மறுநாள் வீசிய பனிப்புயலில் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் பனி விழுந்து மீட்புப் பணியை மூடியது. இறந்தோரெனப் பெயர் குறிக்கப்பட்டவர் 1,782 பேர். காயமுற்றோர் ஏறத்தாழ 9,000 பேர். 1,600 இற்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 12,000 வீடுகள் சேதமுற்றன. தீயணைப்புப் படையில் 9 பேர் மாண்டனர். ஸ்ரெல்லா மாரிஸில் இருந்தோருள் 19 பேர் மாண்டனர்.

கண் இழந்தோரைப் பற்றித் தனியே கூற வேண்டும். யன்னற் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தீயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகத்தில் அக்கண்ணாடியே சில்லுச்சில்லாகப் பாய்ந்தது. கண்ணிற் காயமுற்றோர் 5,900 பேர். அவருள் 41 பேர் பார்வையை நிரந்தரமாக இழந்தனர். அவர்கள் செய்த குற்றம் தங்கள் துறைமுகத்திற் கப்பல் ஒன்று எரிவதைப் பார்த்தமை மட்டுமே. யன்னலை விட்டு விலகி நில்லுங்கள் என்று ஒரு சொல் சொல்லப்பட்டிருந்தால் இக்கண்களிற் பல பிழைத்திருக்கும்.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

துயரம் ஆறுமுன்னரே பழி தேடப்பட்டது. முதலில் ஜேர்மனியர் மீது. நகரத்திலிருந்த ஜேர்மானிய வழியினர் சிலர் பிடிக்கப்பட்டனர். இமோவிற் பிழைத்த சுக்கான் பிடிப்பவன் ஒற்றன் எனக் கைதுசெய்யப்பட்டான். அவனிடமிருந்த ஜேர்மானியக் கடிதம் எனப்பட்டது அவனது தாய்மொழியான நோர்வேஜிய மொழியில் எழுதப்பட்டது என்று பின்னர் தெரியவந்தது. அடுத்து, பழி பிரெஞ்சுக்காரர் மீது திரும்பியது. கட்டாயப் படைச்சேவைப் பிரச்சினையில் கனடாவின் ஆங்கிலேயரும் பிரெஞ்சு மொழியினரும் கடுமையாக முரண்பட்டு நின்ற காலம் அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

டிசெம்பர் 13 ஆந் திகதி விசாரணை தொடங்கியது. இமோவின் தலைவரும் அதன் வழிகாட்டியும் இறந்துவிட்டனர். மொன் பிளாங்கின் தலைவர் லெ மெடெக், வழிகாட்டி மக்கி ஆகிய இருவரும் உயிரோடிருந்தனர். உயிரோடிருந்தமையே அவர்களுக்கு எதிரான சாட்சியமாயிற்று. 1918 பெப்ரவரி 4 ஆந் திகதி வெளியான தீர்ப்பு மொன் பிளாங் ஒன்றையே குற்றவாளியாக்கியது. அவ்விருவர் மீதும், துறைமுகப் போக்குவரத்துக்குப் பொறுப்பாயிருந்த கடற்படை அதிகாரி வையற் மீதும் ஆட்கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டது. சில வாரங்களில் முதலிருவரும் விடுவிக்கப்பட்டனர்; ஏப்ரலில் வையற்றும் குற்றமற்றவரெனக் காணப்பட்டார். இறுதியில், ஏறத்தாழ 2,000 உயிர்களுக்காகத் தண்டனை பெற்றவர் ஒருவரும் இலர்.

பின்னர் நடந்தது கப்பல் உடைமையாளர்களின் வழக்கு. யார் யாருக்கு நட்டஈடு கொடுப்பது என்பதே அதன் பொருள். கனடாவின் உயர்நீதிமன்றத்தில் 1919 இல் நீதியரசர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1971 வரை நமது நாட்டின் வழக்குகளுக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்தது அந்த மன்றமேயாகும். 1920 இல் அது தீர்ப்பளித்தது: இரு கப்பல்களும் சமமாகத் தவறிழைத்தன.

அத்தீர்ப்பு கடல் விதிகளைப் பொறுத்தவரையில் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி எது என்பதனைக் கவனிக்க வேண்டும். எந்தக் கப்பல் எந்த நிமிடத்தில் எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டனர். எத்தனை முறை சங்கு ஊதியது என்று கேட்டனர். நீரிணையினுள் நேர்ந்த அந்தச் சில நிமிடங்களை அணுவணுவாக ஆராய்ந்தனர். ஆயிரக்கணக்கான தொன் வெடிமருந்து தொழிலாளர் குடியிருப்பின் வாயிலுக்கு வந்தது எவ்வாறு, அதனை வரச்செய்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பாளர் யார், அங்கு வாழ்ந்தோரிடம் அதனை மறைத்தவர் யார் என்பன தீர்ப்பின் மையத்துக்கு வரவேயில்லை. சுக்கானைத் திருப்பியவன் கூண்டில் நின்றான். கப்பலை அங்கு திருப்பிவிட்ட யுத்த யந்திரம் நீதிமன்றத்தின் வாயிலையும் மிதிக்கவில்லை.

உதவியும் அதன் அளவுகோலும்

இந்நிகழ்ச்சியில் மனிதப் பண்பின் உயர்வும் வெளிப்பட்டது. அதனை மறைப்பது நேர்மையாகாது. அயலூர்களிலிருந்து வைத்தியரும் தாதியரும் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தனர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து அன்றிரவே புறப்பட்ட உதவி வண்டி பனிப்புயலை ஊடறுத்து 8 ஆந் திகதி காலை வந்தடைந்தது. அந்நன்றியை மறவாத நோவாஸ்கோஷியா மக்கள் 1918 இல் பொஸ்ரனுக்கு ஒரு நத்தார் மரம் அனுப்பினர்; 1971 இல் புதுப்பிக்கப்பட்ட அவ்வழக்கம் ஆண்டுதோறும் தொடர்கின்றது. சாதாரண மக்கள் ஒருவருக்கொருவர் உதவுவதற்கு எவரது ஆணைக்கும் காத்திருப்பதில்லை.

ஆனால் உதவி ஒரு நிறுவனமாக மாறியதும் அதற்கு அளவுகோல் ஒன்று வேண்டியதாயிற்று. 1918 இல் அரசாங்கம் நிவாரண ஆணைக்குழுவை நிறுவியது. தோமஸ் அடம்ஸ் என்னும் நகர அமைப்பு நிபுணரின் திட்டப்படி ரிச்மண்டில் சீமெந்துக் கற்களாலான நூற்றுக்கணக்கான வீடுகள் எழுந்தன. மரவீடுகளின் இடத்தில் அகன்ற வீதிகளும் புற்றரைகளும் தோன்றின. கனடாவில் அரசாங்கப் பணத்தில் அமைந்த முன்னோடி வீடமைப்புத் திட்டங்களுள் அது ஒன்று. அரசாங்கம் மனம்வைத்தால் தொழிலாளிக்கு நல்ல வீடு கட்டிக்கொடுக்க முடியும் என்பதனை அது காட்டியது. அவ்வாறு மனம்வைப்பதற்கு முன்னர் ஊர் முழுவதும் எரிய வேண்டியிருந்தது என்பதனையுங் காட்டியது.

அவ்வுதவி எல்லோரையும் எட்டவில்லை. பெட்போட் குடாவின் கரையில் அபிரிக்வில் என்னும் கறுப்பின மக்களின் சிற்றூர் இருந்தது. அங்கும் உயிர்கள் மாண்டன, வீடுகள் சிதைந்தன. நிவாரணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். புனரமைப்புத் திட்டத்தில் அவ்வூருக்கு இடமே இல்லை. குடிநீரும் கழிவகற்றலும் மறுக்கப்பட்ட அவ்வூரின் ஓரத்தில் நகரசபை பின்னாளிற் குப்பைமேட்டை அமைத்தது. 1960 களில் அவ்வூரையே இடித்து மக்களை அகற்றியது. 2010 இற்றான் நகரசபை அதற்காக மன்னிப்புக் கோரியது. வெடிமருந்து இடிக்காமல் விட்டதைச் சட்டம் இடித்தது.

டாட்மத் பக்கத்தில், நீரிணையின் ஓரத்தில், அந்நாட்டின் ஆதிக்குடிகளான மிக்மாக் மக்களின் குடியிருப்பொன்று இருந்தது. அந்த நிலத்தில் அவர்களுக்கு எழுத்துமூலமான உரிமை இல்லை. அவர்களை அங்கிருந்து அகற்றும் பேச்சு முன்னரே நடந்துகொண்டிருந்தது. பேரலையும் வெடிப்பும் அக்குடியிருப்பை அழித்தன. அது மீண்டும் அங்கு எழவில்லை. நட்டஈடு என்பது சொத்தை இழந்தவனுக்கு உரியது என்ற நியாயத்தில், சொத்தெனப் பதியப்படாத அனைத்தையும் இழந்தவனுக்கு என்ன உரியது என்ற கேள்விக்கு விடையில்லை.

சாமுவெல் ஹென்றி பிரின்ஸ் என்னும் மதகுரு ஹலிபக்ஸில் இவற்றையெல்லாம் நேரிற் கண்டவர். பேரிடர் சமூக மாற்றத்துக்கு வழிவகுக்கின்றது என்னும் கருத்தை ஆராய்ந்து 1920 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வு, பேரிடர் பற்றிய சமூகவியலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பேரிடர் மாற்றம் விளைவிக்கின்றது என்பது உண்மையே. ஆனால் அம்மாற்றம் யாருக்கு, எத்திசையில் என்பதைத் தீர்மானிப்பது பேரிடரன்று. அதற்கு முன்னரே நிலைபெற்றிருந்த சமூக உறவுகளே. ரிச்மண்டின் கல்வீடுகளையும் அபிரிக்வில்லின் குப்பைமேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு இது விளங்கும்.

கப்பல்களின் மறுபிறப்பு

இனி, கப்பல்களுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம்.

மொன் பிளாங் துண்டுதுண்டாயிற்று. அரைத் தொன் எடையுள்ள அதன் நங்கூரத் தண்டு மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் தென்மேற்கே சென்று விழுந்தது. அதன் பீரங்கிகளுள் ஒன்றன் குழாய் ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் டாட்மத்தில் ஒரு குளத்தின் அருகே விழுந்தது. இரண்டும் இன்று நினைவுச் சின்னங்கள். கப்பற்றலைவர் லெ மெடெக் தமது கம்பனியிற் தொடர்ந்து பணியாற்றி, 1931 இல் பிரெஞ்சு அரசின் உயர் விருதையும் பெற்றார். வழிகாட்டி மக்கி தமது தொழில் உரிமத்தை மீண்டும் பெறுவதற்கு 1922 வரை போராட வேண்டியிருந்தது.

பேரலை இமோவைத் தூக்கி டாட்மத் கரையில் வைத்தது. மேற்றளம் சிதைந்தாலும் அதன் இரும்புடல் பெரிதும் பிழைத்திருந்தது. 1918 ஏப்ரல் 26 ஆந் திகதி அது கரையிலிருந்து இழுக்கப்பட்டு மிதக்கவிடப்பட்டது. பின்னர் நியூயோர்க்கில் திருத்தப்பட்டது. வெடித்த நாளிலிருந்து ஐந்து மாதமும் ஆகவில்லை. வீடிழந்த குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் இருந்த காலத்தில் கப்பலுக்கு மறுவாழ்வு கிடைத்துவிட்டது. கப்பல் உழைத்துக் கொடுக்கும் மூலதனம். அதனை நெடுநாள் சும்மா கிடக்கவிட மூலதனத்துக்கு மனம் வராது. இழுவைக் கப்பலான ஸ்ரெல்லா மாரிஸும் திருத்தப்பட்டு மீண்டும் தொழிலுக்கு வந்தது. அதில் மாண்ட பத்தொன்பது பேரின் இடத்தில் வேறு ஆட்கள் நின்றனர்.

1920 இல் இமோவுக்கு நான்காவது பெயர் இடப்பட்டது. நோர்வேஜிய மொழியில் ஆளுநர் எனப் பொருள்படும் குவெர்னரன் என்பது அப்பெயர். தென்கடலில் திமிங்கில எண்ணெய் சுமக்கும் கப்பலாக அது ஓடியது. 1921 நவம்பர் 30 ஆந் திகதி போக்லந்துத் தீவுகளின் கரையோரப் பாறையிற் தட்டியது. மூன்று நாட்களின் பின் கைவிடப்பட்டது. ஆடுமாடு சுமந்து, எண்ணெய் சுமந்து, பெல்ஜிய மக்களின் உணவுக்காக ஓடி, ஒரு நகரத்தின் அழிவுக்கும் கருவியாகிய அந்தக் கப்பல் அங்கே கடலுக்கு இரையாயிற்று. பதிவேட்டில் அதன் கணக்கு முடிந்தது.

ஹலிபக்ஸின் கணக்கு அவ்வாறு முடியவில்லை. நிவாரண ஆணைக்குழு 1976 வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், விதவைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் உதவிப்பணம் வழங்கிக்கொண்டிருந்தது. ரிச்மண்டின் மேலுள்ள குன்றில் 1985 இல் நினைவு மணிக்கோபுரம் ஒன்று எழுந்தது. ஆண்டுதோறும் டிசெம்பர் 6 ஆந் திகதி காலையில் மக்கள் அங்கே கூடுகின்றனர்.

யுத்த யந்திரம் இதிலிருந்து பாடம் கற்றதா? 1945 யூலையில், இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், அதே பெட்போட் குடாவின் கரையிலிருந்த வெடிமருந்துக் களஞ்சியம் தீப்பற்றியது. ஒரு நாளுக்கு மேலாக வெடிப்புகள் தொடர்ந்தன. நகரத்தின் வடபகுதி மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. இம்முறை எச்சரிக்கை செய்யப்பட்டது. அதனாற் பேரழிவு நிகழவில்லை. எச்சரித்தால் மக்கள் பிழைப்பர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் 28 ஆண்டுகள் கழிந்த பின்னரும் வெடிமருந்து அதே மக்களின் அருகிலேயே குவிக்கப்பட்டிருந்தது.

2020 ஓகஸ்ற் 4 ஆந் திகதி லெபனானின் பெய்ரூத் துறைமுகத்தில் வெடித்த அமோனியம் நைத்திரேற்று, கப்பலொன்றிலிருந்து இறக்கப்பட்டு ஆண்டுக்கணக்காக நகரத்தின் நடுவே கிடந்தது. அதிகாரிகள் அறிந்திருந்தனர், அயலில் வாழ்ந்தோர் அறியார். அங்கும் மக்கள் முதலில் எழுந்த புகையைப் பார்த்துக்கொண்டு யன்னலருகே நின்றனர்.

துறைமுக வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் இவ்வொற்றுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு கப்பல்கள் மோதுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தில் மாலுமி தவறலாம், வழிகாட்டி தவறலாம். மனிதர் தவறுவது இயல்பு. அத்தவறு ஒரு கப்பலின் சேதத்தோடு முடிவதா, ஒரு நகரத்தின் சாவோடு முடிவதா என்பதனை அந்த நிமிடம் தீர்மானிப்பதில்லை. எதனை எங்கே வைப்பது, யாருக்கு அருகே வைப்பது, யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்று முன்னரே எடுக்கப்பட்ட முடிவுகளே அதனைத் தீர்மானிக்கின்றன. அம்முடிவுகளை எடுப்போர் துறைமுகத்தின் ஓரத்தில் வாழ்வதில்லை. அங்கு வாழ்வோர்க்கு அம்முடிவுகளிற் பங்கு கிடைக்கும் நாள் வரை, யன்னலருகே நிற்கும் தாய்க்குத் தன் துறைமுகத்தில் எரிவது எது என்று தெரியப்போவதில்லை.